கடல்கடந்த கம்பனிக்கு வலி யார்?

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் சட்டத்தரணி பர்ஹானா பேசினாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் எதையும் நின்றபடியே செய்து முடிக்கிற தலைமுறை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பேராதனைப் பக்கம் ஒரு கட்டடத்தை நீண்ட குத்தகைக்கு எடுக்கப் போகிறதாம். அதற்கு முதல் அந்தக் கம்பனியை இலங்கையில் பதிய வேண்டும். முக்கால்வாசி வேலையைக் கணினியிலேயே முடித்துவிட்டாளாம்.

"ஒரே ஒரு இடம்தான் மிச்சம் மிஸ். கம்பனிக்கு வர்ற கடிதங்கள வாங்கிக்கிறதுக்கு இலங்கையில வசிக்கிற ஒரு ஆள்ட பேர் கேக்குது. யார்ட பேரையாவது போட்டா சரிதானே?"

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். "பிள்ளை, அந்த இடத்துல கை வைக்காத. நான் பஸ் ஏறி வர்றேன்" என்றேன். போய் அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளும் கதை முடிந்ததும், "இத எழுதுங்க மிஸ்" என்றாள். எழுதச் சொன்னால் எழுதாமல் இருக்க எனக்கு வராது. வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் சொன்னதை எழுதியே சாப்பிட்டவள் நான்.

என் பெயர் சரோஜா. கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், மாடியில், காணிப் பத்திரங்கள் எழுதிச் சான்று வைக்கிற ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா மாநகரசபையில் தண்ணீர் மீற்றர் வாசித்தவர். வீடுவீடாகப் போய் எண்ணை வாசித்து எழுதுகிற வேலை. மகளாவது உட்கார்ந்து எழுதட்டும் என்று புடவைக்கடை மாடியில் நடந்த தட்டச்சு வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து நேரே இந்த அலுவலகம். முதல் சில வருடங்கள் காணி உறுதிகளை, அதாவது பத்திரங்களை, பிரதி எடுத்தேன், காணிப் பதிவகத்தில் வரிசையில் நின்றேன், முத்திரை ஒட்டினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. விரல் நுனி காய்த்துப்போனது, கண்ணாடி போட்டேன், கலியாணம் நடந்தது.

சொல்ல வேண்டியவர் எங்கள் பௌசியா மெடம். கெலிஓயாக்காரர். தலையில் முக்காடு, மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் ஒரு தடித்த பேனை. எந்த உறுதியிலும் கையெழுத்து வைப்பதற்கு முன் நொத்தாரிசு அதை வாசித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். பல அலுவலகங்களில் அது வாய்க்குள் முணுமுணுக்கிற மந்திரம். மெடம் அப்படியில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் உறுதியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை சத்தமாக வாசிப்பார். பிறகு வந்தவர்களின் பாஷையில், சிங்களம் என்றால் சிங்களம், தமிழ் என்றால் தமிழ், ஒவ்வொரு பந்தியாகச் சொல்வார். அதோடு விடமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இப்ப நான் என்ன வாசிச்சேன்? உங்கட வாயால செல்லுங்க" என்பார்.

எத்தனை பெரிய மனிதர்கள் அந்த மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல விழித்திருக்கிறார்கள்! ஒரு தடவை காரில் வந்திறங்கிய முதலாளி ஒருவர், "எல்லாம் விளங்குது மெடம், பேனையைத் தாங்க" என்றார். "விளங்கினதச் செல்லுங்க, தாறேன்" என்றார் மெடம். அவர் தலையைச் சொறிந்தார். மெடம் மறுபடியும் தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பேனை கடைசிவரை மெடத்தின் கையில்தான் இருக்கும். கேட்டவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் அது கை மாறும். நான் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து எத்தனையோ நூறு தடவை இதைப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சலிக்கவில்லை. ஒரு கூட்டம் அந்நியர்கள் ஒரு காகிதத்தால் கட்டுப்படப் போகிறார்கள், அந்தக் கட்டு அவர்கள் காது வழியாகப் போய் வாய் வழியாக வர வேண்டும் என்று ஒரு பெண் பிடிவாதம் பிடிக்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் என்னை உண்மையில் திகைக்க வைத்தது கம்பனி என்கிற விசயம்தான். சேர்ந்த புதிதில் ஒரு நாள், உறுதியில் ஒரு பக்கத்தாராகக் கம்பனியின் பெயரைத் தட்டச்சு செய்திருந்தேன். வந்து உட்கார்ந்ததோ மீசை வைத்த ஒரு மனிதர். அவர் போன பிறகு கேட்டேன்: "மெடம், வந்தவரு கம்பனியா?"

மெடம் சிரிக்கவில்லை. "அவர் கம்பனிக்குப் பேச வந்தவர். கம்பனி வேற ஆள். அதுக்குப் பேர் ஈக்கிது, பொறந்த ஊர் ஈக்கிது, பொறந்த திகதி ஈக்கிது. காணி வச்சிருக்கும், கோட்டுக்குப் போகும், வழக்குத் தோக்கும். ஒடம்பு மட்டும் இல்ல. இண்டைக்கு வந்த இந்த மனுசன் மௌத்தானாலும் கம்பனி மௌத்தாகாது, அதுக்குச் சாவில்ல."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் பிள்ளையார் பெயரிலும் காணி இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் பிள்ளையாரைப் போய்ப் பார்க்கலாம், சண்டை பிடிக்கலாம். கம்பனியை எங்கே போய்ப் பார்ப்பது? மனிதர்கள் உட்கார்ந்து பேசி, ஒப்பமிட்டு, உடம்பில்லாத ஒரு ஆளை உண்டாக்கி உலகத்தில் விட்டுவிடுகிறார்கள். அது அவர்களைவிடப் பலசாலியாக நடமாடுகிறது. இன்றைக்கும் என் அதிசயம் தீரவில்லை.

அந்த ஆள் வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அவருக்கு எங்கள் சட்டம் வைத்திருக்கும் பெயர் கடல்கடந்த கம்பனி. அப்படிப்பட்ட கம்பனி இங்கே காணியை அறுதியாக வாங்க முடியாது, நீண்ட குத்தகைக்கு எடுக்கலாம். இங்கே கடை விரிப்பதாக இருந்தால் முதலில் கொழும்பில் கம்பனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பிறந்த நாட்டுச் சான்றிதழ், அதன் அமைப்பு விதிகள், பணிப்பாளர்களின் விபரம், இங்கே ஒரு முகவரி. எல்லாவற்றுக்கும் பிறகு, கம்பனிக்கு வரும் கடிதங்களையும் நோட்டீசுகளையும் அதன் சார்பில் ஏற்க இந்த நாட்டில் வசிக்கிற ஒருவர். அவர் கையில் கொடுத்தால் கம்பனியின் கையில் கொடுத்ததாகவே கணக்கு.

அந்த ஆளுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது. மெடம் வைத்த பெயர்: வலி. முஸ்லிம்களின் நிக்காஹ்வில் மணப்பெண்ணுக்காகச் சபையில் பேசி ஒப்பம் வைக்கிறவர் வலி. பெரும்பாலும் தகப்பன்தான். "வலி யாருன்னு எழுதிட்டியா சரோஜா?" என்று மெடம் கேட்டால், அந்தக் கோப்பில் வதிவாளர், அதாவது இங்கே வசிக்கிற அந்த ஆள், பெயர் இருக்கிறதா என்று அர்த்தம்.

ஏன் அப்படி ஒரு பெயர் என்று ஒரு மழை நாளில், ஆட்கள் வராத பின்னேரத்தில் கேட்டேன். மெடம் பேனையை மூடினார். "என்ட நிக்காஹ் நடக்கக்கொள்ள நான் உள்ரூம்ல இருந்தேன். வெளியில வாப்பா எனக்காகப் பேசினார், ஒப்பம் வச்சார். நல்ல வாப்பா. மாப்பிள்ளையும் நல்ல மனுசன். ஒரு கொறையும் இல்ல. ஆனா அங்க என்ன வாசிச்சாங்க, என்ன பேசினாங்கன்னு எனக்கு இன்னம் தெரியாது." பேனையை மறுபடி திறந்தார். "அதனாலதான். ஆள் இல்லாத எடத்துல ஆளுக்காக நிக்கிறது யாருன்னு கேக்காம என்னால விட ஏலாது." அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் விளையாட்டாகச் சொன்னதில்லை.

இனி தண்டபாணியின் விசயம். கோயம்புத்தூர்க்காரர். மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பாகங்கள் செய்கிற குடும்பக் கம்பனி. கண்டிக்குச் சுற்றுலா வந்தவர் கடுகண்ணாவைக் கணவாயில் தேத்தண்ணி குடிக்க இறங்கி, எதிரே பூட்டிக்கிடந்த ஒரு பெரிய வீட்டைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே ஒரு தங்குமிடம் நடத்த வேண்டும் என்று ஆசை.

அந்த வீட்டுக்காரி மங்களம். ஒரு காலத்தில் கீழ்த்தளத்தில் லொறிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தியவர்கள். புருசன் அடுப்படி, மங்களம் காசு மேசை. கணவர் காலமான பிறகு கடையை மூடினார். மகள் கனடாவில் இருந்துகொண்டு விற்றுவிட்டு வா என்று தினமும் போனில் அழுகிறாளாம். கூரை ஒழுகுகிறது, குரங்குகள் ஓட்டைப் பிரிக்கின்றன, அத்தனை பெரிய வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்க முடியவில்லை. ஆனால் போகவும் மனமில்லை. எங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நறுக்கென்று சொன்னார்:

"மேல, முன்னால, தோட்டம், எல்லாம் எடுத்துக்கிடட்டும். பின்னால ரெண்டு ரூமும் குசினியும், ரோட்டுக்குப் போற நடபாதையும் எனக்கு. நான் அந்த வீட்டுலதான் கண்ண மூடணும். அது மட்டும் மாறக் கூடாது."

"அதுக்கென்னங்க, நீங்க எங்க அம்மா மாதிரி" என்றார் தண்டபாணி.

"அம்மா மாதிரின்னு நான் உறுதியில எழுத ஏலாது. ரெண்டு ரூம், குசினி, நடபாதை, அவங்க உசிரோட ஈக்கிற வரைக்கும். இப்படித்தான் எழுதுவேன்" என்றார் மெடம்.

தண்டபாணிக்குச் சம்மதம்தான். நல்ல மனிதர், வஞ்சகம் தெரியாதவர். அவசரம் மட்டும் கூடுதல். அடுத்த சீசனுக்கு முன் வேலை தொடங்க வேண்டும், குத்தகையை இப்போது எழுதிவிடுவோம், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொழும்பு நண்பர் யாரோ சொல்லியிருக்கிறார். மெடம் பேனையைக் கீழே வைத்தார்.

"உங்கட கம்பனிக்கு இங்க வலி யாரு?"

தண்டபாணி கொஞ்சம் பதறிப்போனார். "வலியா? எங்க கம்பெனிக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அப்பா காலத்துல இருந்து நல்லாத்தான் ஓடிட்டிருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. மங்களம் அடக்க முயலவே இல்லை. முஸ்லிம் கடைகளுக்கு நடுவில் பாதி ஆயுள் வாழ்ந்தவருக்கு அந்தச் சொல் தெரியும். "ஐயோ தம்பி, நோவு இல்ல. பொண்ணுக்காகப் பேசுற பெரிய மனுசன் யாருன்னு கேக்குறாங்க" என்றார்.

"அப்ப எங்க கம்பெனி பொண்ணுங்களா?"

"வாக்கப்பட்டு வர்றது யாரு, நானா?" என்றார் மங்களம்.

மெடமும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "தண்டபாணி, ஒண்டு செல்லுங்க. நாளைக்கு இவங்கள யாராவது குசினியில இருந்து வெளிய போடுறாங்க. இவங்க எங்க போய்ச் செல்லுறது? கோயம்புத்தூருக்குக் கப்பல் ஏறுறதா?"

"நான் இருக்கிற வரைக்கும் அப்படியெல்லாம் நடக்காதுங்க."

"நீங்க இல்லாட்டியும் கம்பனி இருக்கும். நான் எழுதுறது உங்களோட இல்ல, கம்பனியோட."

அந்தக் கேள்வி தண்டபாணியின் மனதில் தைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. மறுநாளே மங்களத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, கொழும்பு நண்பரின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தார். மெடம் என்னை அந்த முகவரிக்குப் போன் எடுக்கச் சொன்னார். அது ஒரு லொட்ஜ். அந்த நண்பர் அறையைக் காலி செய்துவிட்டு டுபாய்க்குப் போய்விட்டாராம். காகிதத்தைத் தண்டபாணியிடம் திருப்பிக் கொடுத்தார் மெடம். தண்டபாணிக்கு இந்த நாட்டில் வேறு யாரையும் தெரியாது. சுற்றுமுற்றும் பார்த்தார், மூலையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"இந்த அம்மிணியவே போட்டுருங்களேன்."

மெடம் என் பக்கம் திரும்பினார். "சரோஜா, பேரைப் போட்டா வெளையாட்டில்ல. கம்பனி பிழை செஞ்சா உன்ட வாசல்ல வந்து நிப்பாங்க. வீடு மாறினா அறிவிக்கணும். கடிதம் வந்தா ஒளிய ஏலாது. ஏலுமா?"

வாசிப்பதைக் கேட்டு எழுதுவது ஒன்று. கேட்கிற ஆளாகவே நிற்பது வேறு. எதிரே மங்களம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலும் மெடம்" என்றேன். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "அப்ப இனிமே நான் கோயம்புத்தூர் மாப்பிள்ளையா?" என்றார்.

பதிவு லேசில் முடியவில்லை. அங்கிருந்து வந்த காகிதம் ஒன்றில் ப. தண்டபாணி என்று இருந்தது. இன்னொன்றில் கடவுச்சீட்டில் உள்ளபடி தண்டபாணி பழனிச்சாமி. "இவங்க ரெண்டு டிரெக்டர்மாரா?" என்று கொழும்பில் கேட்டார்கள். தகப்பன் பெயர் முன்னால் எழுத்தாகவும் நிற்கும், பின்னால் முழுதாகவும் நிற்கும், இரண்டும் ஒரே ஆள்தான் என்று தமிழனுக்குத் தமிழன் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காகிதத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சத்தியக்கடதாசி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரும்வரை காத்திருந்தோம். தண்டபாணி போனில் புலம்புவார். மெடம் அசையவில்லை.

சான்றிதழ் கைக்கு வந்த அன்று நான்தான் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்தேன். மடியில் பிளாஸ்டிக் பைல். ரயில் கடுகண்ணாவையில் மூச்சு வாங்கி ஏறும்போது அதைத் திறந்து பார்த்தேன். கோயம்புத்தூரில் பிறந்த, உடம்பில்லாத ஒரு ஆள் இன்றிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே பைலில் இருந்த விபரத்தில் என் பெயரும் கண்டி கட்டுக்கலையில் என் வீட்டு முகவரியும். பெட்டியில் எல்லோரும் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் யாரோ ஒரு பெரிய விருந்தாளியை மடியில் வைத்துக் கூட்டிப்போவது போல இருந்தது.

குத்தகை எழுதிய நாளில் மெடம் வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். எல்லைகள், காலம், பராமரிப்பு. பிறகு அந்தப் பந்தி: பின்புறத்து இரண்டு அறைகளும், குசினியும், பிரதான வீதிவரை நடபாதையும் குத்தகைக்குக் கொடுப்பவரின் சீவிய காலம் முழுவதும் அவருடைய பாவனைக்கு ஒதுக்கப்படுகின்றன, கம்பனி யார் கைக்கு மாறினாலும் இது மாறாது. தமிழில் சொன்னார். தண்டபாணியைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவரும் சொன்னார். மங்களத்தைச் சொல்லச் சொன்னார். மங்களம் கடையில் சாப்பாட்டு வகைகளை ஒப்பிக்கிற வேகத்தில் ஒன்றும் விடாமல் சொன்னார்.

அதற்குப் பிறகும் பேனை கைமாறவில்லை. "சரோஜா, எழும்பு" என்றார் மெடம். எழுந்து நின்றேன். "மங்களம், இவங்கட முகத்தை நல்லாப் பாத்துக்குங்க. வீடு எங்கன்னு கேட்டுக்குங்க. உங்களுக்கு இந்த நாட்டுல கம்பனி இவங்கதான். என்ன கொறை வந்தாலும் எழுதி இவங்க கையில குடுங்க. இவங்க வாங்கினா கம்பனி கேட்ட மாதிரி."

மங்களம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பனி ரொம்ப மெலிஞ்சில்ல கெடக்கு" என்றார். எல்லோரும் சிரித்த பிறகு கையெழுத்துகள் நடந்தன.

தண்டபாணி சொன்ன சொல் தவறவில்லை. கூரை மாறியது, மேல்மாடி மின்னியது, பின்னால் மங்களம் தன் அடுப்போடு இருந்தார். காலம் ஓடியது. நான் ஓய்வு பெற்றேன். தண்டபாணிக்கு உடம்புக்கு முடியாமல் போய், பிள்ளைகள் கிரைண்டர் பட்டறையைப் பிரித்து வைத்துக்கொண்டு, கம்பனியைச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல்காரருக்கு விற்றார்கள். மாற்றத்தை அறிவிக்கும் காகிதங்கள் எனக்கும் வந்தன. என் பெயர் மட்டும் மாறவில்லை. யாரோ ஒரு கிழவியின் பெயர்தானே என்று விட்டிருப்பார்கள்.

ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் குரல். நான் ஹவுஸ்கோட்டோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"கம்பனி வீட்டுல இருக்கா?"

மங்களம். கடுகண்ணாவை பஸ்ஸில் வந்திருக்கிறார். குடை, ஒரு பை, இளைத்த முகம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். புது மனேஜர் வந்திருக்கிறானாம். பின் அறைகளை எண்ணெய் தேய்க்கிற அறைகளாக மாற்றப் போகிறார்களாம். குசினிக் கதவுக்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டார்கள். அடுப்பும் சட்டிகளும் வெளியே தாழ்வாரத்தில். கேட்டால் ஹெட் ஒபிஸ் ஓர்டர், சென்னையில் போய்ச் சொல் என்கிறான்.

"மூணு நாளா கடைச் சோறு திங்கிறேன். நானே சோறு போட்டு வாழ்ந்தவ. சென்னை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க வீடு எனக்குத் தெரியும்." அதுவரை உறுதியாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "அந்த வீட்டுல சாகத்தானே கேட்டேன்."

எனக்கும் கண் கலங்கியது. கையைப் பிடித்து அழுதிருப்பேன். ஆனால் அவர் என்னிடம் வரவில்லையே, கம்பனியிடம் வந்திருக்கிறார். கம்பனி கூட அழுதால் யாருக்கு லாபம்? "வாய்ப்பேச்சு காணாதும்மா. எழுதிக் குடுக்கணும். அத நான் எழுத ஏலாது, ஏன்னா உங்க எதிராளி நான்தான். பௌசியா மெடத்துக்கிட்ட போங்க. என்மேல ஒரு நோட்டீஸ் எழுதி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். என் மேலேயே நோட்டீஸ் எழுதி வர என் வீட்டிலிருந்து ஆளை அனுப்பிவைத்த முதல் எதிராளி நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். நான் சேலை மாற்றி, தலை சீவிக் காத்திருந்தேன். ஹவுஸ்கோட்டோடு கம்பனியாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. மெடம் எழுதிய கடிதத்தைக் கையில் தந்தார். அந்தப் பந்தி அப்படியே அதில் இருந்தது. நான் நின்றபடி சத்தமாக வாசித்தேன். பிறகு என் வாயால் திருப்பிச் சொன்னேன்: "ரெண்டு ரூம், குசினி, நடபாதை. கதவைத் திறந்து விடணும். இல்லன்னா வழக்கு. கம்பனி கேட்டுக்கிச்சு." பிரதியில் பெற்றுக்கொண்டேன் என்று ஒப்பம் வைத்துக் கொடுத்தேன். அந்த ஒப்பத்தோடு, கடலுக்கு அப்பால் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும், அவர்களுக்கே தெரியாமல், இந்த அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டார்கள். என் பரீட்சைத் தாளில்கூட நான் அவ்வளவு பயத்தோடும் பக்தியோடும் பெயர் எழுதியதில்லை.

கடிதத்தைச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன். போன் வந்தது. இளம் குரல், மரியாதையான குரல். "மேடம், அத ஏன் வாங்குனீங்க? ஆள் வீட்ல இல்லைன்னு திருப்பி அனுப்பியிருக்கலாமே?"

"நான் வீட்டுல இருந்தேனே தம்பி."

"சரி, இப்பவாச்சும் கைக்கு வரலைன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. உங்களுக்கு வேண்டியதப் பண்ணிடறோம்."

"ஒப்பம் வச்சுக் குடுத்தாச்சு. நான் கேட்டது நீங்க கேட்டது."

"அப்ப உங்கள மாத்திடுவோம் மேடம்."

"தாராளமா மாத்துங்க. அது நாளைக்கு வர்ற கடிதத்துக்கு. இது நேத்து வந்தது."

போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மங்களம் தாழ்வாரத்தில் எப்படி இருக்கிறாரோ என்ற நினைப்புத்தான்.

அவர்களின் கொழும்புச் சட்டத்தரணி குத்தகையை எடுத்து வாசித்திருக்கிறார். வாசித்தால் போதும். அது அப்படி எழுதப்பட்ட உறுதி. எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள். ஒன்று எனக்கு: வதிவாளராக வேறொருவர் நியமிக்கப்படுகிறார், இந்த மாத முடிவோடு என் பொறுப்பு தீர்கிறது. மற்றது மங்களத்துக்கு: அறைகளும் குசினியும் பாதையும் உறுதியில் உள்ளபடி அவருக்கே, நடந்ததற்கு வருந்துகிறோம். அதைக் கம்பனியின் சார்பில் நேரில் கையளிக்கும்படி என்னைக் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் கடுகண்ணாவைக்குப் போனேன். கணவாயில் நல்ல மழை. மனேஜர் பொடியன் குடையோடு ஓடிவந்து, "மெடம்தான் கம்பனியா?" என்று கேட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனான். குசினிக் கதவில் பலகை அடித்த ஆணித் துளைகள் புதிதாகத் தெரிந்தன. கதவு விரியத் திறந்திருந்தது. அடுப்பில் எரிகிற விறகின் புகை. மங்களம் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்று கடிதத்தை வாசித்தேன். முழுவதும் வாசித்தேன், தமிழில் சொன்னேன். "இப்ப நான் என்ன வாசிச்சேன், சொல்லுங்க" என்றேன்.

அவர் அகப்பையை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். கடிதத்தை வாங்கவில்லை. என் நனைந்த சேலையைப் பார்த்தார்.

"கம்பனி சாப்பிட்டுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"அப்ப கடிதத்தை அங்கிட்டு வச்சிட்டு உக்காருங்க. இது என் குசினி" என்றபடி தட்டை எடுத்துக் கழுவினார்.